ஆணி எண் 612

எங்கள் நகராட்சித் தலைவர் தேர்தலில் நின்றபோது அவருடைய போஸ்டரில் அவர் முகம்கூடக் கிடையாது. ஒரு மூடிய கதவு, கதவில் ஒரு பூட்டு, கீழே பெரிய எழுத்தில் ‘உங்கள் வாசலை அரசு தாண்டாது’. நான் சாவி செய்கிறவள். என் தொழிலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் யார் செய்து தரப்போகிறார்கள்? என் கடை ஷட்டரிலேயே இரண்டு போஸ்டர் ஒட்ட இடம் கொடுத்தேன். ஓட்டும் அவருக்குத்தான் போட்டேன். போட்ட விரலை இப்போதும் சில நாள் முறைத்துப் பார்ப்பதுண்டு.

ஜெயித்து நான்கு மாதம் ஒழுங்காகத்தான் போனது. ஐந்தாம் மாதம் ஒரு தெருவில் தண்ணீர் பெருக்கெடுத்து ஓடியது. அங்கே ஒரு வீடு பூட்டிக் கிடந்தது, வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். தலைவர் பேன்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று பேட்டி கொடுத்தார். “இந்த வீட்டுச் சாவி மட்டும் நம்ம கையில இருந்திருந்தா ரெண்டே நிமிஷத்துல குழாயை மூடியிருப்போம்!” உடைந்தது வீட்டுக் குழாய் இல்லை, தெருவுக்கு அடியில் ஓடும் நகராட்சிக் குழாய்தான் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. அதற்குள் திட்டத்துக்குப் பெயர் வைத்து ரப்பர் ஸ்டாம்பும் செய்துவிட்டார்கள். ஸ்டாம்பு செய்த பிறகு ஒரு திட்டத்தை நிறுத்துவது எந்த ஊரில் நடக்கிற காரியம்?

‘வாசல் பாதுகாப்புத் திட்டம்’ என்பது அதன் பெயர். ஊரிலுள்ள ஒவ்வொருவரும் தன் வாசல் கதவுச் சாவியின் நகல் ஒன்றை நகராட்சியில் ஒப்படைக்க வேண்டும். அங்கே சாவி அறை என்று ஓர் அறை. வீட்டுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஓர் எண். முப்பது நாள் கெடு. கொடுக்காவிட்டால் அந்த வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். தண்ணீரைக் காப்பாற்றப் புறப்பட்ட திட்டம் தண்ணீரை வெட்டுவதில் போய் நின்றது. எனக்கு மட்டும் தனி மரியாதை: ஆறாம் விதிப்படி, சாவித் தொழில் செய்கிறவர் தன் வீட்டுச் சாவியைத் தராவிட்டால் கடைக்கே சீல்.

இந்த விதிகளையெல்லாம் டைப் அடித்தவர் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர். நகராட்சியில் இருபது வருடமாகக் குமாஸ்தா. ஆபீஸில் அவருக்குக் ‘கமா’ என்று பெயர். ஒரு கடிதத்தில் கமா ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து அடிப்பார். வீட்டில் சர்க்கரை டப்பாமேல் ‘சர்க்கரை’ என்று ஒட்டி, கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு வைக்கிற மனுஷர். அவரையே சாவிக் காப்பாளராக ஆக்கினார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் அரைமணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சாவி அறைக்குப் பூட்டு பொருத்தியவளும் நான்தான். அதை மறைக்க மாட்டேன். “பழைய ரெக்கார்டு அறைக்கு நல்ல பூட்டா ஒண்ணு வேணும்” என்று மட்டும் சொன்னார்கள். ஜன்னல் இல்லாத அறை, இரும்புக் கதவு. என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பூட்டைப் போட்டேன். கதவை இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் அதைத் திறக்க என்னால்தான் முடியும், ஆண்டவனே வந்தாலும் அசையாது. இரண்டு சாவி கொடுத்தேன். எதற்கென்று தெரிந்திருந்தால் தகரப் பெட்டிக்குப் போடுகிற ஓட்டைப் பூட்டு ஒன்றை மாட்டிவிட்டு வந்திருப்பேன்.

நான் என் வீட்டுச் சாவியைக் கொடுக்கவில்லை. திமிர் என்று எதிர்க்கடைத் தையல்காரர் சொன்னார். இருக்கட்டும். ஆனால் காரணமும் உண்டு.

போன வருடம் ஒரு நர்ஸ் என் கடைக்கு வந்தார். தனியாக இருக்கிற பெண். பிரிந்துபோன புருஷன் பழைய சாவியை வைத்துக்கொண்டு, நினைத்தபோதெல்லாம் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறானாம். புதுப் பூட்டு போட்டுக் கொடுத்தேன். என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாவி வெட்டி முடித்ததும், அதன் அளவைக் குறித்த அட்டையை வாங்குகிறவர் கண்ணெதிரிலேயே கிழித்துப் போடுவேன். அன்றும் கிழித்தேன். “இந்தச் சாவி உலகத்துலயே ரெண்டுதான் இருக்கு. ரெண்டும் உங்க கையில” என்றேன். அந்தப் பெண் அப்போதுதான் முதல் தடவையாக நேராக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

திட்டம் வந்து இருபதாம் நாள் அதே நர்ஸ் வந்தார். “அக்கா, தண்ணியை நிறுத்திருவாங்களாம். மூணாவது சாவி ஒண்ணு வேணும்” என்றார். வெட்டினேன். “அந்த ஆணிக்குக் கீழ என் அட்ரஸையும் எழுதி வெக்கறாங்களாமேக்கா, அப்படியா?” என்று கேட்டார். நான் குனிந்து அளவு அட்டையைக் கிழித்தேன். அன்றே முடிவு செய்தேன், என் சாவி அந்த ஆணிக்குப் போகாது.

எங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய ஆணி 612.

“ஏம்மா, அந்த ஆணி இன்னும் காலியாவே இருக்கு” என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

“எந்த ஆணி?”

“தெரியாத மாதிரி கேக்காதே. காப்பாளரோட வீட்டு ஆணியே காலியா இருக்குன்னு எல்லாரும் சிரிக்கறாங்க.”

“சிரிக்கட்டும். சிரிச்சா உடம்புக்கு நல்லதுங்க.”

“வெள்ளிக்கிழமை மேலிடத்துலேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க, அறையைப் பாக்க. எந்த ஆணியும் காலியா இருக்கக் கூடாதாம். அன்னிக்குக் காலையில பத்து மணிக்குள்ள சாவி வரலேன்னா உன் கடைக்கு சீல். தலைவர் உத்தரவு போட்டுட்டாரு. நான்தான் டைப் அடிச்சேன்.”

“பொண்டாட்டி கடைக்கு சீல் வைக்கிற உத்தரவை நீங்களே அடிச்சீங்களா?”

“தப்பில்லாம அடிச்சேன்” என்றார் பாவமாக.

கோபம் வரவேண்டும், எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. ஆனால் படுத்த பிறகு கடை ஞாபகம் வந்தது. பதினாறு வருடமாக நடத்துகிற கடை. கட்டைவிரல் மழுங்க மழுங்க அரம் பிடித்துச் சேர்த்த பெயர். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அது போய்விடும்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. சாவி அறைப் பூட்டுக்கு எண்ணெய் விட என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க ஆணி, ஆணிதோறும் ஒரு குடும்பம் தொங்கியது. முதல் பதினைந்து ஆணிகள் தலைவருக்கும் கவுன்சிலர்களுக்கும். ‘முன்மாதிரியாக முதலில் ஒப்படைத்தவர்கள்’ என்று மேலே பலகை வேறு. எனக்குச் சாவியைக் கையில் எடுக்க வேண்டாம், பத்தடி தூரத்திலிருந்தே அது எதைத் திறக்கும் என்று தெரியும். இரண்டாம் ஆணியில் சைக்கிள் பூட்டுச் சாவி. மூன்றாவதில் மேஜை டிராயர் சாவி. ஏழாம் நம்பர் கவுன்சிலர் கொஞ்சம் மனசாட்சி உள்ளவர், கதவுச் சாவிதான் மாட்டியிருந்தார், கோழிக்கூட்டுக் கதவு. தலைவருடைய ஒன்றாம் ஆணியில் மெல்லிசாகத் தகரத்தில் ஒரு குட்டிச் சாவி. சூட்கேஸ் சாவி!

நான் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“சும்மா இரு, யாராவது வந்துருவாங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“என்னங்க, இது உங்களுக்குத் தெரியுமா?”

“வாசல் கதவுச் சாவின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. கையெழுத்து இருந்தா எனக்கு அது வாசல் கதவுச் சாவிதான்” என்றார். ஆனால் அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்தபடி எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார். கடை போகப்போகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சீல் வைக்கிற அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார். அரக்கு கொண்டு வந்திருந்தார், நூல் கொண்டு வந்திருந்தார், தீப்பெட்டி கொண்டு வரவில்லை.

“அம்மா, தீப்பெட்டி இருக்குமா?”

கொடுத்தேன்.

“ஷட்டரையும் நீங்களே பூட்டிக் குடுத்துடுங்கம்மா. எனக்கு இது வராது.”

என் கடையை என் கையாலேயே பூட்டி, அவர் அரக்கு உருக்கும்போது காற்றில் அணையாமல் என் முந்தானையால் மறைத்தும் கொடுத்தேன். அரக்கு சொட்டியது. அதன்மேல் ஸ்டாம்பு இறங்கியபோது என்னால் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

“அக்கா, ஒரு சாவிதானேக்கா. குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல?”

“நீ குடுத்துட்டேல்ல, நிம்மதியாத் தூங்கறியா?”

“தினமும் உள்தாழ்ப்பாளுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியையும் வெச்சுட்டுத்தான் தூங்கறேன்” என்றார் அவர்.

பத்தரை மணிக்குத் தலைவரின் கார் தெருவுக்குள் வந்தது. அவ்வளவு வேகமாக அது வந்து நான் பார்த்ததில்லை. தலைவர் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அதையும் பார்த்ததில்லை.

“அம்மா, சாவிக்காரம்மா, ஒரு சின்ன உதவி. சாவி அறை பூட்டிக்கிச்சு.”

“ரெண்டு சாவி குடுத்தேனே தலைவரே?”

“ரெண்டும் உள்ளே இருக்கு.”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் உள்ளுக்குள் மத்தாப்பூ பூத்தது. நடந்தது இதுதான். நான்காம் விதிப்படி, அரசுக் கட்டடம் உட்பட எல்லாவற்றின் நகல் சாவியும் சாவி அறையில் இருக்க வேண்டும். ஒன்பதாம் விதிப்படி, ஆபீஸ் சாவி எதையும் யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது, சாயங்காலம் அசல் சாவிகளையும் சாவி அறையிலேயே மாட்டிவிட வேண்டும். சாவி அறையின் சாவியும் ஆபீஸ் சாவிதானே? இத்தனை நாள் அதை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்து வந்தார்கள். நேற்று என் வீட்டுக்காரர் இரண்டையும் உள்ளே மாட்டி, பதிவேட்டில் எழுதி, கதவை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து மோர் குடித்திருக்கிறார்.

“அந்தக் கமா இருக்கானே…” என்று பல்லைக் கடித்த தலைவர், நான் யார் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். “உங்க வீட்டுக்காரரு கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு. மேடம் மூணு மணி நேரம் கார்ல வந்திருக்காங்க. மீட்டிங் ஹால் சாவி உள்ளே. மைக் அலமாரி சாவி உள்ளே. என் ரூம் சாவியும் உள்ளே. வராந்தாவுல நிக்கறாங்க. அதைவிட…” குரலைத் தாழ்த்தினார். “பாத்ரூம் சாவியும் உள்ளேதான்.”

தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

“வந்துடலாம் தலைவரே. ஆனா என் சாமானெல்லாம் கடைக்குள்ள இருக்கு. கடைக்கு இப்பத்தான் சீல் வெச்சாங்க. அரக்கு இன்னும் காயக்கூட இல்ல.”

தலைவர் அதிகாரியைப் பார்த்தார். “பிரிய்யா அதை.”

“சீல் பிரிக்கணும்னா படிவம் பதினேழு வேணுங்க.”

“எடுத்துட்டு வா.”

“அது ஆபீஸ் அலமாரியில இருக்குங்க. அலமாரிச் சாவி…”

“உள்ளே” என்றோம் நான், தையல்காரர், தலைவரின் டிரைவர் மூவரும் ஒரே குரலில்.

தலைவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு தானே போய் நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அரக்கு உடைந்து விழுந்தது. “விதியைப் பாத்துக்கிட்டு நின்னா வேலை நடக்குமாய்யா?” என்று அதிகாரியிடம் எரிந்து விழுந்தார். அதிகாரி கையிலிருந்த ஸ்டாம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் பெட்டியை எடுத்தேன். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. “திறந்து குடுத்தப்புறம் மறுபடி சீல் வெப்பீங்களா?”

“சே சே.”

“எழுதிக் குடுங்க.”

சீல் உத்தரவின் பின்பக்கத்திலேயே, இந்தக் கடைக்கு இனி சீல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போதே அவருக்கு ஒரு யோசனை வந்தது. “ஒண்ணு மட்டும் பண்ணிடும்மா. அந்த 612 காலியா இருக்கறது மேடம் கண்ணுல படக்கூடாது. கடையில இத்தனை சாவி கெடக்கே, எதையாவது ஒண்ணை மாட்டி விட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?”

“உங்க ஒண்ணாம் நம்பர் மாதிரியா?”

தலைவர் விறுவிறுவென்று போய்க் காரில் ஏறினார், ஆபீஸ் வாசல்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

சாவி அறை வாசலில் பெஞ்சு போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, மடியில் ஃபைல். எதிரே மேலிடத்து மேடம், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். கவுன்சிலர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். பின்னாலேயே தையல்காரர் வந்துவிட்டார், அவருக்குப் பின்னால் பாதித் தெரு வந்துவிட்டது.

“யார் உன்னை ரெண்டு சாவியையும் உள்ளே வெக்கச் சொன்னது?” என்று எல்லார் முன்னாலும் கத்தினார் தலைவர்.

என் வீட்டுக்காரர் எழுந்து ஃபைலைத் திறந்தார். “புதன்கிழமை எழுத்துமூலமாக் கேட்டேங்க. ‘ஒன்பதாம் விதி சாவி அறைச் சாவிக்கும் பொருந்துமா?’ன்னு. ‘விதிப்படி செய்க’ன்னு எழுதியிருக்கீங்க. உங்க கையெழுத்துதான், தேதியும் இருக்கு.”

தலைவர் அதைப் பார்த்தார். தினமும் முப்பது காகிதத்தில் படிக்காமல் எழுதுகிற அதே இரண்டு வார்த்தைகள்.

“யாராவது முதல்ல திறங்களேன்” என்றார் மேடம்.

எனக்கு அது இரண்டு நிமிட வேலை. எட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் வரும்வழியெல்லாம் நினைத்திருந்தேன். மேடத்தின் முகத்தைப் பார்த்து இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டேன். அந்த அம்மாள்மேல் எனக்கு என்ன பகை? கதவு திறந்ததும் என் வீட்டுக்காரர் உள்ளே போய் பாத்ரூம் சாவியோடு பதிவேட்டையும் கொண்டுவந்தார். “ஒரு கையெழுத்து மேடம். நேரமும் குறிக்கணும்.” அவ்வளவு வேகமாக ஒருவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்த மேடம் வேறு ஆளாக இருந்தார். முகத்தில் அப்படியொரு சாந்தம். எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். “அருமையான திட்டம். சின்னக் கோளாறு எங்கேயும் வரும். எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. ஏதாவது ஒரு சாவியை எடுத்துட்டுப் போய் அந்த வீட்டைத் திறக்கலாம். ஒண்ணாம் நம்பர் யாரோடது?”

“தலைவரோடதுங்க மேடம். எதிர்த்தாப்புலதான் வீடு” என்றார் என் வீட்டுக்காரர், யாரும் வாயைத் திறப்பதற்குள்.

“ரொம்ப நல்லதாப் போச்சு! பேப்பர்ல போட்டோவும் வரும்.”

தலைவர் அந்தச் சாவிக்கு வெயில் ஆகாது என்றார். பிறகு அந்தக் கதவில் வண்ணம் இன்னும் காயவில்லை என்றார். மேடம் அதற்குள் சாலையைக் கடந்துவிட்டார். ஊரே பின்னால் நடந்தது. நான் பெட்டியைக்கூட மூடவில்லை, அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

மேடம் சாவியை வாசல் பூட்டுக்குள் விட்டார். அது உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. இடப்பக்கம் திருப்பினார், சுற்றியது. வலப்பக்கம் திருப்பினார், சுற்றியது. “சுத்திக்கிட்டே இருக்கே” என்றார்.

“துருவா இருக்கும்” என்றார் தலைவர்.

சத்தம் கேட்டு உள்ளிருந்து கதவைத் திறந்தார் தலைவரின் மனைவி. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார், பூட்டில் தொங்குவதைப் பார்த்தார், அப்படியே பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். “அய்யோ, என் பெட்டிச் சாவி! மூணு வாரமா வீட்டையே தலைகீழாப் பொரட்டித் தேடறேன். என் துணியெல்லாம் அதுக்குள்ளதானே கெடக்கு! இது எப்படிங்க உங்க கையில?” தலைவரைப் பார்த்து, “நீங்கதான் எடுத்தீங்களா? கேட்டப்போ பாக்கவே இல்லேன்னு சொன்னீங்களே!”

முதலில் டிரைவர்தான் சிரித்தார். அப்புறம் யாருக்கும் அடங்கவில்லை. தையல்காரர் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மேடம் மட்டும் சிரிக்காமல் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதினார். “மத்த கவுன்சிலர்களோட வீடும் பக்கத்துலதான் இருக்கா?” என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் கவுன்சிலர் ஒருவரையும் காணவில்லை.

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அண்ணே” என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். “அவரு மட்டும் பெட்டிச் சாவியை மாட்டி வெப்பாரு, நான் வீட்டுச் சாவியைக் குடுக்கணுமா? எனக்கு என் சாவி திரும்ப வேணும். அதுக்கு ஏதாவது வழி இருக்கா?”

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “பதினாலாம் விதி. உரிமையாளர் நேரில் வந்து கேட்டால், கையெழுத்துப் பெற்றுக்கொண்டு சாவியை உடனே திருப்பித் தர வேண்டும்.”

“எப்ப மறுபடி குடுக்கணும்?”

“அது விதியில இல்ல.”

கவுன்சிலர்கள் தங்களுக்காகச் சேர்த்த விதி அது. வேண்டும்போது தங்கள் சாவியை எடுத்துக்கொள்ளலாம் என்று. திருப்பித் தர நாள் குறித்தால் தங்களுக்கே இடைஞ்சல் என்று அதை விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லச் சொல்ல டைப் அடித்தவருக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் வீட்டுக்காரர் ஃபைலைத் தட்டினார். “விதிப்படி செய்கன்னு எழுதியிருக்கீங்க.”

மேஜையை வராந்தாவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் மனுஷர். வரிசை தெருமுனை வரை நின்றது. எண், பெயர், கையெழுத்து, சாவி. ஆளுக்கு அரை நிமிடம். இருபது வருடத்தில் அந்த ஆபீஸில் இவ்வளவு வேகமாக எந்த வேலையும் நடந்ததில்லை. அந்த நர்ஸ் யூனிபார்மோடு ஓடிவந்தார், தையல்காரர் அவரை முன்னால் விட்டார். சாவி கைக்கு வந்ததும் அந்தப் பெண் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, விலாசம் எழுதிய சீட்டையும் ஆணியிலிருந்து கிழித்துத் தரச் சொன்னார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். “விதியில ஒண்ணும் சொல்லல” என்றார், கிழித்துக் கொடுத்தார். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன்.

நான்கு மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். மேடத்தின் கார் மதியம் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டது, குறிப்பேடு நிறைந்துவிட்டதாகக் கேள்வி. வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட சாவி அறைக்குள் போனேன். காலையிலிருந்து நான் உள்ளே நுழைந்தது அப்போதுதான். சுவர் முழுக்க வெறும் ஆணி. ஆபீஸ் சாவிகளை விட்டால், கவுன்சிலர்களின் சைக்கிள் சாவி, டிராயர் சாவி, கோழிக்கூட்டுச் சாவி வகையறா மட்டும் அநாதையாகத் தொங்கின.

அப்புறம் இன்னொன்று. 612-ல் ஒரு சாவி.

எனக்குப் பகீரென்றது. மாட்டிவிட்டாரே! எனக்குத் தெரியாமல், என் கடையைக் காப்பாற்றுகிறேன் என்று, வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாரே! காலையிலிருந்து சிரித்த சிரிப்பெல்லாம் வற்றிப்போனது. வாசலில் நின்றபடி அந்தச் சாவியையே பார்த்தேன்.

பத்தடி தூரம். எனக்கு அது போதும். நீளத் தண்டு, அகலத் தலை, ஐந்து வெட்டு. நான் வெட்டியதுதான். ஆனால் எங்கள் வீட்டுச் சாவி இல்லை. அது இந்த அறையின் அசல் சாவி.

“என்னங்க” என்றேன். “இது ஏன் இங்க தொங்குது?”

பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “612 காலியா இருக்கக் கூடாதுன்னுதானே உத்தரவு. எந்தச் சாவின்னு உத்தரவுல இல்ல.”

“நேத்து சாயங்காலம் வேணும்னே உள்ளே வெச்சுப் பூட்டினீங்களா?”

“ஒன்பதாம் விதி.”

“என்னங்க.”

அவர் காது சிவந்தது. பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “பத்து மணிக்கு உன் கடையைப் பூட்டப்போறாங்க. பத்தரைக்கு இதைத் திறந்தே ஆகணும். இந்த ஊர்ல இந்தப் பூட்டைத் திறக்க ஒரே ஒரு ஆள்தானேம்மா இருக்கு.”

இருபது வருடம் இந்த மனுஷனைச் சர்க்கரை டப்பாவோடு சேர்த்துக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு வாரமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது இதற்காகத்தானா? அந்த இரும்புக் கதவுக்குப் பக்கத்திலேயே அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆபீஸ் நேரம் இன்னும் ஒரு மணி பாக்கி இருக்கிறது என்று முனகினார். ஆனால் விலகவில்லை.

பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டியதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார்.

“612-க்கு உரிமையாளர் நீதானே? கையெழுத்துப் போடு.”

போட்டேன். பக்கத்தில் ஒரு கமாவும் வைத்தேன். அவர் அதை உற்றுப் பார்த்தார், கோடு போட்டு அடிக்கவில்லை. ஐந்து மணி அடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தோம். கதவை அவரே இழுத்துச் சாத்தினார். அது தானே பூட்டிக்கொண்டது, சாவி என் பையில் இருந்தது.